மாடு முட்டியது என்று எழுதியவர்

ஊருக்கு ஊர் காயம் வேறு என்பது ஸ்ரீசந்திரனின் கட்சி. மரக்காணத்துப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியிருக்கும். பெருமுக்கல் பக்கம் கல்லுடைக்கிறவர்களுக்குக் கண்ணில் சில்லு தெறித்திருக்கும். செஞ்சிப் பாறைகளுக்குள் மாடு மேய்க்கிறவர்களைப் பாம்பு கடிக்கும். விழுப்புரத்துக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் வயிற்றுவலி என்று வந்தாலும் முன்கையில் கரும்பிலைச் சோகை கீறிய கோடுகள் இருக்கும். ஆள் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் அவர் ஊரைச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஏழு சரியாக இருக்கும். மீதி மூன்றுக்காக அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பார்.

திண்டிவனத்தில் ஏரிக்கரை ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் சொல்லும் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் கிளார்க். அடிபட்டு வருகிறவர்களின் பெயர், ஊர், அடிபட்ட காரணம் எல்லாம் எழுதும் ஏ.ஆர். புத்தகம் அவர் பொறுப்பு. கோர்ட்டில் நிற்கிற புத்தகம் அது. 1986-இல் அவருக்கு வயது நாற்பத்தொன்பது. செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, தமிழ்ச் சமணர். ஐந்து மணிக்கு ஆபீசைப் பூட்டிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டில் சாப்பிட்டு முடித்துவிடுவார். சிறுவயதுக் காய்ச்சலில் இடது காது போய்விட்டது. அதனால் உரக்கப் பேசுவார். எதிரில் இருப்பவரையும் உரக்கப் பேசச் சொல்வார்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் டாக்டர் தேவசகாயம் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். மாவட்டத்துக்கு அவர்தான் போலீஸ் கேஸ் டாக்டர். பிரேதப் பரிசோதனை, கோர்ட் சாட்சி இரண்டும் அவர் வேலை. முப்பத்துநாலு வயது. விழுப்புரம் பக்கத்துக் காலனியிலிருந்து படித்து மேலே வந்தவர். ஜீப்பின் பின்னாலிருந்து இரண்டு சாக்குமூட்டைகளை இறக்க வைத்தார்.

"நயினார் சார், இது விழுப்புரத்து ஏ.ஆர். புத்தகம், ஏழு வருஷத்துது. உங்க புத்தகமும் ஏழு வருஷம் எடுங்க. பொம்பளைங்க மேல நடந்த பலாத்கார கேஸு எல்லாத்தையும் ஊர்வாரியா, மாசவாரியா பிரிச்சுக் குடுக்கணும்."

"எதுக்குங்க சார்?"

"மெட்ராஸ்ல ஒரு மீட்டிங்ல படிக்கிறேன். அது பெரிசில்ல. லேடி டாக்டர் போஸ்ட் ஒண்ணு இந்தப் பக்கத்துக்கு வருது. திண்டிவனத்துல ஏற்கெனவே கிருஷ்ணவேணி மேடம் இருக்காங்க. அவங்களுக்குத் துணைக்குக் குடுக்கறதா, ஆளே இல்லாத விழுப்புரத்துக்குக் குடுக்கறதான்னு கேட்டிருக்காங்க. எங்க கேஸு ஜாஸ்தியோ அங்க போவும். உங்க கணக்குதான் சார் முடிவு."

விழுப்புரத்தில் ரயிலடி ஆஸ்பத்திரிப் புத்தகங்கள் அவை. மூட்டையைப் பிரித்ததும் ஸ்ரீசந்திரனுக்குத் தன் கையெழுத்தே கண்ணில் பட்டது. 1973-இலிருந்து பதினோரு வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்தவர் அவர்தான். 1984 ஜூனில்தான் திண்டிவனத்துக்கு மாற்றல் ஆகி வந்தார்.

மூன்று வாரத்தில் கணக்கு முடிந்தது. 1979 முதல் 1985 வரை திண்டிவனத்தில் முப்பத்தெட்டு. விழுப்புரத்தில் ஆறு.

தேவசகாயத்துக்குச் சந்தோஷம். படிப்பதற்கு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது. "ஆறு மடங்கு சார்! ஏன் சொல்லுங்க? இங்க ஜி.எஸ்.டி. ரோடு. லாரி நிக்கிற எடம். கடலோரத்துல சவுக்குத் தோப்பு. உள்ள நுழைஞ்சா ஆளு தெரியாது. விழுப்புரம் ஜங்ஷன். எந்நேரமும் ஜன நடமாட்டம்."

"கரும்புத் தோட்டத்துல நுழைஞ்சாலும்தான் ஆளு தெரியாதுங்க சார்" என்றார் ஸ்ரீசந்திரன்.

டாக்டர் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஸ்ரீசந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தில் தவறிப்போகும் அந்த மூன்றில் இது ஒன்று. முப்பத்தெட்டு எதனால் என்பதைவிட ஆறு எதனால் என்பதுதான் அவரைக் குடைந்தது. வராத கேஸ் எங்கே போயிருக்கும்? ஏ.ஆர். புத்தகத்தில் வராத காயம் என்று ஒன்று உண்டா? வேறு பெயரில் வந்திருக்குமோ?

இரண்டு ஊர்ப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதினெட்டு முதல் நாற்பது வயதுவரை உள்ள பெண்களின் எல்லாக் காயங்களுக்கும் காரணம் எழுதிக்கொண்டே போனார். தீக்காயம், கிணற்றில் விழுந்தது, தேள், அரளி விதை. இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஒன்று மட்டும் அப்படி இல்லை.

திண்டிவனத்து மாடுகள் ஏழு வருஷத்தில் பதினான்கு ஆண்களையும் ஒன்பது பெண்களையும் முட்டியிருந்தன. விழுப்புரத்து மாடுகள் பதினோரு ஆண்களை முட்டியிருந்தன. பெண்களை ஐம்பத்தொன்பது.

ஸ்ரீசந்திரன் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் மாடுகள் நடுவே பிறந்து வளர்ந்தவர். மாடு முட்டுவதற்கு ஆண் பெண் பார்க்காது. ஏரோட்டுகிறவன், வண்டி கட்டுகிறவன், சந்தைக்கு ஓட்டிப்போகிறவன் என்று பார்த்தால் ஆண்கள்தான் அதிகம் முட்டு வாங்க வேண்டும். விழுப்புரத்தில் மட்டும் மாடுகளுக்கு என்ன வந்தது?

அடுத்த முறை தேவசகாயம் வந்தபோது அதைக் காட்டினார். டாக்டர் முதலில் கேலி செய்தார். "மாட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடுங்க சார்." பிறகு காயங்களின் வர்ணனையைப் படிக்கத் தொடங்கினார். அதை எழுதியவர்கள் அந்தந்த நாள் டியூட்டி டாக்டர்கள். ஐந்தாறு பக்கம் படித்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மாடு எப்டி முட்டும், சொல்லுங்க."

"கீழருந்து மேலுங்க. தொடை, வயிறு, விலா. ஒரு பக்கமா இருக்கும். கொம்பு நுழைஞ்சா கிழிச்சுக்கினு வெளிய வரும்."

"இதப் பாருங்க. ரெண்டு மேல்கையிலும் உள்பக்கம் வட்டம் வட்டமா கன்னிப்போன தடம். ஒரு பக்கம் நாலு, எதிர்ப்பக்கம் ஒண்ணு. எந்த மாட்டுக்கு சார் அஞ்சு வெரலு? இது யாரோ கைய அழுத்திப் பிடிச்சது. இந்தப் பொம்பளைக்கும் அதே. இதுல மணிக்கட்டு." அவர் விலாச வரிசையில் விரலை ஓட்டினார். "காலனி. காலனி. காலனி. பாதிக்கு மேல காலனி சார். காலனியில ஏது மாடு? எங்கப்பா சாவற வரைக்கும் அடுத்தவன் மாட்டத்தான் மேய்ச்சாரு."

ஸ்ரீசந்திரன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி விலாசங்களை எண்ணினார்.

"எல்லாமே அந்த கேஸுன்னு சொல்லிட முடியாது" என்றார் டாக்டர். "சிலது புருஷன் அடிச்சது. சிலது நெஜமாவே மாடு. ஆனா ஆறுன்னு எழுதினா அது பொய். ஏன் இவங்க எல்லாரும் ஒரே மாதிரி மாடுன்னு சொன்னாங்க? பேசி வச்சிக்கினு வந்தாப்பல இருக்கே!"

இந்தக் கேள்வியை அவர் ஸ்ரீசந்திரனிடம் விட்டுவிட்டுப் போனார்.

பதில் அன்று மாலையே புத்தகத்தில் கிடைத்தது. சாப்பாட்டு நேரம் தவறிக்கொண்டிருப்பதுகூடத் தெரியாமல் ஸ்ரீசந்திரன் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பதில் ஐம்பத்தேழு 1984 மே மாதத்துக்குள் முடிந்துவிட்டன. அதற்குப் பின் ஒன்றரை வருஷத்தில் இரண்டே இரண்டு. விழுப்புரத்து மாடுகள் ஜூன் மாதத்தில் திடீரென்று சாதுவாகிவிட்டன. அதற்குப் பதில் பெண்கள் கால் தவறி விழத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு முன் ஐந்து வருஷத்தில் நாலு பேர் விழுந்திருந்தார்கள். அந்த ஒன்றரை வருஷத்தில் இருபத்துமூன்று பேர்.

ஜூன் மாதத்தில் விழுப்புரத்தில் மாறியது ஒன்றே ஒன்றுதான். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஆள்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். ரயிலடி ஆஸ்பத்திரி ஜன்னல் எதிரில் வரிசை நின்றிருந்தது. பக்கவாட்டுச் சுவரோரம், வலது காது ஜன்னல் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டார். உள்ளே அவருக்குப் பின் வந்த பாண்டுரங்கன். நல்ல மனுஷன், சுறுசுறுப்பானவன். வரிசையைச் சீக்கிரம் நகர்த்துவான்.

முப்பது வயதுப் பெண் ஒருத்தி, முந்தானையால் கையைச் சுற்றி மறைத்திருந்தவள், ஜன்னலுக்கு வந்தாள். பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

"இன்னாம்மா ஆச்சு? ஜல்தி சொல்லு, பின்னால எம்மாம் பேரு நிக்கறாங்க பாரு."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். இருபது பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அவள் ஊர்க்காரர்களாகக்கூட இருக்கலாம்.

"வியுந்துட்டியா?" என்றான் பாண்டுரங்கன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தலையசைத்தாள். அவன் எழுதினான்.

பாண்டுரங்கனைப் பார்க்காமலே ஸ்ரீசந்திரன் பஸ் நிலையத்துக்கு நடந்தார். அதே ஜன்னலில் இருந்தபோது அவர் கேட்டது 'வியுந்துட்டியா' அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் காயம் என்றால் முதலில் வாயில் வருவது மாடு. அதுவும் அவர் குரல் தெருக்கோடிவரை கேட்கும். "சத்தமா சொல்லும்மா, எனக்குக் காது கேக்காது. இன்னா, மாடு முட்டிச்சா?" பதினோரு வருஷம் அப்படித்தான் கேட்டார். உதவி செய்வதாக நினைத்துத்தான் கேட்டார்.

திங்கட்கிழமை அம்சாவிடம் போனார். கிருஷ்ணவேணி டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆயா அவள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். திண்டிவனத்தில் பெண்களின் காயத்துக்கு ஜன்னலில் காரணம் கேட்பதில்லை. உள்ளேயிருந்து அம்சா கொண்டுவரும் சீட்டைப் பார்த்துத்தான் ஸ்ரீசந்திரன் எழுதுவார். இரண்டு வருஷமாக அதை இந்த ஊர் வழக்கம் என்றே நினைத்திருந்தார்.

"நீ இன்னா அம்சா கேப்ப, உள்ள வர்றவங்கள?"

"நான் எங்க கேக்கறேன்? கதவ சாத்திட்டு ஒரு லோட்டா தண்ணி குடுப்பேன். குடிச்சிக்கினு சும்மா உக்காந்திருப்பாங்க. நானும் சும்மா உக்காந்திருப்பேன். சில பேரு அரமணி நேரம் கழிச்சி சொல்லுவாங்க. சில பேரு மறுநாளு வந்து சொல்லுவாங்க. ஏன் நயினாரே, ஆயா வேலைக்கு வரப்போறியா?"

"விழுப்புரத்துல மாடுன்னு சொல்லுவாங்களாமே."

அம்சா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"எங்க நாத்தனா சொல்லும். அங்க ஜன்னல்ல ஒரு நயினாரு இருக்காரு, கத்திக்கினே இருப்பாரு, ஆனா நல்ல மாதிரி. மாடுன்னு சொல்லிட்டா மேல கேக்கமாட்டாரு, மருந்து கட்டி அனுப்பிடுவாங்கன்னு. வயலுக்குப் போறவங்க எல்லாருக்கும் தெரியும். நீ இங்க வந்த அன்னைக்கே நான் கண்டுக்கினேன்."

"ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்லச் சொல்ற? ஒனக்கே தெரியும்னு நெனச்சேன்."

அந்த வார்த்தைதான் அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

மறுநாள் ஜீப் வந்தது. ஸ்ரீசந்திரன் நடந்ததைச் சொன்னார். தேவசகாயம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப கணக்கு மாறிப்போச்சு சார். இங்க முப்பத்தெட்டுன்னா லேடி டாக்டர் இருக்கறதால முப்பத்தெட்டு. அங்க ஆறுன்னா இல்லாததால ஆறு. குற்றத்தோட மேப் இல்ல சார் இது. கதவு சாத்தின ரூம் எங்க இருக்குன்னு காட்டற மேப்பு." பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால் இவருக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வந்து மறுபடி உயர்த்தினார். "ஆனா நான் சொன்னா எடுபடாது. கவர்மெண்ட் புத்தகத்துல மாடுன்னு இருக்கு, நீ யாரு இல்லன்னு சொல்லன்னு கேப்பாங்க. எழுதினவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நிக்கும். குடுத்தா உங்கள விடமாட்டாங்க. ஏ.ஆர். புத்தகத்துல தப்பா எழுதினேன்னு நீங்களே ஒத்துக்கற மாதிரி. வெள்ளிக்கிழமை நான் மெட்ராஸ் போறேன். அதுக்குள்ள யோசிங்க. குடுக்காட்டியும் நான் தப்பா நெனக்கமாட்டேன்."

பக்கத்தில் நின்றிருந்த அம்சா சொன்னாள்: "பேரு ஒண்ணும் வெளிய போவக் கூடாது டாக்டரே. எங்க நாத்தனா ஊர்ல ஒருத்தி ரெண்டு புள்ளையோட நல்லா இருக்கா. இப்ப போயி போலீசு கதவத் தட்டினா அவ கதி?"

"எண்ணிக்கை மட்டும்தான்" என்றார் டாக்டர்.

வீட்டில் குசுமா கேப்பை அடையைத் தட்டில் வைத்தாள். வெளிச்சம் இன்னும் அரைமணி நேரம் இருந்தது. கணவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அவங்க தலையாட்டினதத்தானே எழுதினீங்க? நீங்களா இட்டுக்கட்டலியே" என்றாள்.

"ஆமா."

"பின்ன? வாயால பொய் சொன்னது அவங்க. சித்தாமூர் மடத்துல சாமி முன்னால நீங்க எடுத்துக்கின விரதம் பங்கமாவல."

ஸ்ரீசந்திரன் அடையைப் பிட்டு வைத்துக்கொண்டு யோசித்தார். பொய் சொல்வதில்லை என்று இருபத்தைந்து வயதில் விரதம் எடுத்துக்கொண்டவர். சொன்னதை மட்டுமே எழுதுகிறவர் என்று ஆபீசில் பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அவங்க வாயே தொறக்கல குசுமா. பொய்யும் நான்தான் குடுத்தேன்."

"இன்னும் ஒம்பது வருஷம் சர்வீஸ் இருக்கு" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "சாப்டுங்க, இருட்டப் போவுது" என்றாள்.

எழுதுவது சுலபமாக இருக்கவில்லை. 'கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து அடித்தார். கவனக்குறைவு இல்லை, மிகவும் கவனமாகத்தான் எழுதினார். 'அறியாமல்' என்று எழுதினார். அது தப்பித்துக்கொள்வதுபோல இருந்தது. கடைசியில் எந்த அடைமொழியும் இல்லாமல் எழுதினார்: 'அடிபட்ட காரணத்தைச் சொல்லத் தயங்கிய பெண்களிடம், மாடு முட்டியதா என்று நானே கேட்டேன். அவர்கள் தலையசைத்தார்கள். அதையே காரணமாகப் பதிவு செய்தேன். மற்றவர்கள் காதுபடக் கேட்டதால் அவர்களால் வேறு பதில் சொல்லியிருக்க முடியாது.' கீழே முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டு வியாழக்கிழமை தபாலில் போடாமல் பஸ் பிடித்துப் போய் டாக்டர் கையிலேயே கொடுத்தார்.

அதன்பின் ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரீசந்திரன் ஜன்னலில் உட்கார்ந்து ஊர்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பத்துக்கு ஆறாகக் குறைந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடும் பழக்கத்தையும் விட்டுவிட்டார்.

ஆவணியில் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று விழுப்புரத்துக்கு லேடி டாக்டர் நியமனம் ஆனதாகத் தேவசகாயம் எழுதியது. மற்றது விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வந்த மெமோ. 'பதிவேட்டில் உண்மைக்குப் புறம்பாக எழுதப்பட்டவை மொத்தம் எத்தனை என்பதைத் தெரிவிக்கவும்' என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. இரண்டு நாள் அதற்கு விடை தேடிப் பார்த்தார். ஐம்பத்தேழுக்கும் குறைவாக இருக்கலாம். 1979-க்கு முந்தைய புத்தகங்களைச் சேர்த்தால் நூறாகவும் இருக்கலாம். அவருடைய சர்வீசில் விடை தெரியாமல் அவர் காலியாக விட்ட முதல் இடம் அது.

தண்டனையாக மாற்றல் கொடுத்தார்கள். எங்கே என்பதுதான் வேடிக்கை. மேலிடத்தில் யாரும் யோசித்துப் போட்டதாகத் தெரியவில்லை. பாண்டுரங்கன் இங்கே, ஸ்ரீசந்திரன் அங்கே.

"பேஜாரு புடிச்ச எடத்துக்கே திரும்பப் போறியே நயினாரே" என்றாள் அம்சா. "கத்தாம இரு. அது போதும்."

விழுப்புரத்தில் புதிதாக வந்திருந்த லேடி டாக்டருக்கு இன்னும் அறை ஒதுக்கவில்லை. மருந்து ஸ்டோரின் ஒரு பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்து, ஒரு பெஞ்சும் பானைத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். ஆயாவாக வந்தவளுக்குப் பேசாமல் உட்காரத் தெரியவில்லை, பழக வேண்டும். அதற்கு வைத்த கதவு சரியாகச் சாத்த வரவில்லை. ஸ்ரீசந்திரன் ஆசாரியைக் கூட்டிவந்து இழைக்கச் சொன்னார்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை, வரிசையின் நடுவிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். முன்கையில் சோகைக் கோடுகள். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள். நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்ததுபோல இருந்தது. அவர் நாக்கில் ஒரு வார்த்தை வந்து நின்றது. பழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

பேனாவைக் கீழே வைத்தார். அவள் பெயரை எழுதிய சீட்டு ஒன்றைக் கம்பிக்கு வெளியே நீட்டினார். எழுந்து, கதவைத் திறந்து வெளியே வந்து, அவள் மட்டும் கேட்கும்படி, தன் காதுக்கே கேட்காத குரலில், "அந்தத் தட்டிக்கு உள்ள ஒரு அம்மா இருக்காங்க. அங்க சொன்னாப் போதும்" என்றார்.

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இன்னா எழுதியிருக்கீங்க?"

"ஒம் பேரு மட்டுந்தாம்மா."

அவள் மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு தட்டி இருந்த பக்கம் போனாள். கதவு சாத்திக்கொண்டது. ஸ்ரீசந்திரன் உள்ளே வந்து, அவள் பெயருக்கு நேரே காரணம் எழுத வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.